ஜாக்கி மேல நிக்கிற வண்டி

1/
மருந்து மாத்திரை பத்தி எழுதுவேன்னு எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். இன்னைக்கு த்ரெட் வண்டி ஜாக்கி பத்தி. நான் மெக்கானிக் இல்லை, அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற எம்.பி.பி.எஸ். டாக்டர். ஆனா ஜாக்கி நழுவினதுக்கு அப்புறம் என்ன நடக்கும்னு மெக்கானிக்கைவிட எனக்குக் கொஞ்சம் அதிகமாவே தெரியும். கொஞ்சம் நீளமான த்ரெட். மலைக்கு, காட்டுக்கு, ஆத்து மணலுக்கு வண்டி எடுத்துட்டுப் போறவங்க முழுசாப் படிங்க.

2/
கொஞ்ச நாள் முன்னாடி ஒரு நைட் டூட்டி. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) விடியற நேரத்துல நாலஞ்சு பசங்க ஒரு பையனைத் தூக்கிட்டு கேஷுவாலிட்டிக்கு ஓடி வந்தாங்க. லீவுக்கு ஜீப்புல மலைப்பாதைக்குப் போயிருக்காங்க. சேத்துல பின் டயர் புதைஞ்சிருக்கு. ஜாக்கி போட்டுத் தூக்கிட்டு, டயருக்குக் கீழ கல்லு வைக்க இவன் உள்ள படுத்திருக்கான். "ஜாக்கி நழுவிடுச்சு டாக்டர்." அதுக்கு மேல யாருக்கும் பேச்சு வரல.

3/
முகம், கழுத்து, தோள் வரைக்கும் கருநீலம். கண்ணோட வெள்ளைப் பகுதி முழுக்க ரத்தம் கோத்திருந்தது. நெஞ்சுக்குக் கீழ தோல் சாதாரண நிறத்துல இருந்துச்சு. நெஞ்சு மேல பெரிய பாரம் இறங்கினா இப்படித்தான் ஆகும். மூச்சை உள்ள இழுக்க நெஞ்சு விரியணும், விரிய இடம் இல்லை. ரத்தம் பின்னோக்கி முகத்துக்கும் தலைக்கும் தள்ளப்படும். வெளியில பெரிய காயம் ஒண்ணும் இல்லை. வரும்போதே உயிர் இல்லை.

கூட வந்த பையன் ஒருத்தன் கையில டார்ச்சை அணைக்காமலே நின்னுட்டிருந்தான். வண்டிக்கு அடியில வெளிச்சம் காட்டிட்டிருந்தது அவன்தான். அந்த டார்ச்சை வாங்கி அணைச்சு அவன் கையில திருப்பிக் கொடுத்தேன். வேற என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல.

4/
அன்னைக்கு வீட்டுக்குப் போயும் தூக்கம் வரல. காரணம் அந்தப் பையன் மட்டும் இல்லை. சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு டிரைவர் அண்ணனுக்கு இதே கதி வர வேண்டியது. வந்திருந்தா அதுக்குப் பாதிக் காரணம் நானா இருந்திருப்பேன். இதை இதுவரைக்கும் எங்கேயும் எழுதினது இல்லை.

5/
அப்போ கிழக்குத் தொடர்ச்சி மலையில ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துல போஸ்டிங். மாசம் ரெண்டு தடவை உள்கிராமங்களுக்கு மருத்துவ முகாம். வாடகை பொலேரோ, பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. டிரைவர் அண்ணனுக்கு ஐம்பது வயசு தாண்டியிருக்கும். இருபது வருஷம் லாரி ஓட்டினவர். என்னை "மேடம்"னு கூப்பிடுவார், ஆனா நான் காலையில சாப்பிடலைன்னா அப்பா மாதிரித் திட்டுவார்.

அன்னைக்கு லேசான தூறல். செம்மண் ஏத்தம். கூர்ப்பான கல்லு ஒண்ணு பின்பக்க வலது டயரைக் கிழிச்சிடுச்சு.

6/
அண்ணன் இறங்கினார். முதல்ல ஸ்டெப்னியைக் கழட்டி உருட்டிட்டு வந்து, ஜாக்கி போடப்போற இடத்துக்குப் பக்கத்துல, சேஸுக்கு நேர் கீழ படுக்க வச்சுத் தள்ளினார். அப்புறம்தான் ஜாக்கியை எடுத்தார். ஈர மண்ணுங்கறதால கீழ ஒரு தட்டைக் கல்லு வச்சார்.

நான் வாட்ச்சைப் பார்த்துட்டே இருந்தேன். "எதுக்குண்ணா ஸ்டெப்னியை அடியில தள்றீங்க? அப்புறம் அதையே இழுத்து மாட்டணுமே. டபுள் வேலை. சீக்கிரம்ணா."

"இருங்க மேடம், ரெண்டு நிமிஷம்."

7/
என்ன அவசரம் தெரியுமா? பிரசவக் கேஸ் இல்லை. பாம்புக்கடி இல்லை. காலை பத்து மணிக்குள்ள முகாம் ஃபோட்டோவை வாட்ஸ்அப் குரூப்புல போடணும். போடலைன்னா அந்த குரூப்புல பேர் சொல்லிக் கேட்பாங்க. அவ்வளவுதான்.

தூறலா இருக்குன்னு சிஸ்டரையும் ஃபார்மசிஸ்ட்டையும் "உள்ளேயே இருங்க, நனையாதீங்க"ன்னு சொன்னதும் நான்தான். அண்ணன், "எல்லாரும் இறங்கினா நல்லது மேடம்"னு ஒரு தடவை சொன்னார். நான் காதுல வாங்கல.

8/
வண்டி ஏறிடுச்சு. கிழிஞ்ச டயரைக் கழட்டினார். அந்த டயரை ஸ்டெப்னி இருந்த இடத்துல தள்ளி வச்சுட்டு, ஸ்டெப்னியை வெளிய இழுக்கணும். அதுக்கு முழங்கை வரைக்கும் கை உள்ள போயிருந்தது. உள்ள யாரோ சீட்டுல நகர்ந்தாங்க. தட்டைக் கல்லு ஈரமண்ணுல வழுக்கிச்சு. ஜாக்கி சாய்ஞ்சுது. வண்டி ஒரு அடி பின்னால சறுக்கி இறங்கினது.

ஸ்டெப்னி மேல உட்கார்ந்தது.

சேஸுக்கும் தரைக்கும் நடுவுல அந்த டயரோட அகலத்துக்கு ஒரு இடைவெளி மிஞ்சினது. அண்ணனோட கை அந்த இடைவெளியில இருந்தது. தோல் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

9/
அவர் கையை வெளிய எடுத்துட்டு அப்படியே மண்ணுல உட்கார்ந்தார். என்னை ஒண்ணும் சொல்லல. சிஸ்டர்கிட்ட தண்ணி கேட்டார்.

அப்புறம் ரெண்டு ஊர்க்காரங்க மாடு ஓட்டிட்டு வந்தாங்க. ஒருத்தர் ஓடிப்போய் கனமான பலகையும் கடப்பாரையும் கொண்டு வந்தார். எல்லாரும் இறங்கினோம். வண்டி ஸ்டெப்னி மேல நின்னதால ஜாக்கியை மறுபடி நுழைக்க இடம் இருந்தது. பலகை மேல ஜாக்கி, முன் டயருக்குப் பின்னால பெரிய கல்லு. இந்தத் தடவை "சீக்கிரம்"னு யாரும் சொல்லல.

10/
சாயந்திரம் டீக்கடையில மன்னிப்புக் கேட்டேன். சிரிச்சார். லாரி ஓட்டின காலத்துல ஒரு கிளீனர் பையன் கதையைச் சொன்னார். முழுசாச் சொல்லல. "அன்னிக்கு ஸ்டெப்னியை எடுக்காம மேலேயே கட்டி வச்சிருந்தோம் மேடம்"னு மட்டும் சொல்லிட்டு டீ கிளாஸைக் கீழ வச்சார்.

அடுத்த ஞாயித்துக்கிழமை சுகாதார நிலைய வாசல்லயே அவர்கிட்ட ஜாக்கி போடக் கத்துக்கிட்டேன். அப்புறம் நானே ஒரு பழைய ஃபோர் வீல் வண்டி வாங்கி, படிச்சு, கேட்டு, தப்புப் பண்ணித் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்துக் கீழ எழுதுறேன்.

11/
முதல்ல எந்த ஜாக்கி?

வண்டியோட வர்ற மடிப்பு ஜாக்கி (சிசர் ஜாக்கி): தார் ரோட்டுல பஞ்சர் மாத்த அது போதும். மலைக்குப் பத்தாது. அடித்தட்டு சின்னது, உயரமும் கம்மி. பெரிய டயர் போட்டு, சஸ்பென்ஷன் உயர்த்தின வண்டிக்குப் பல நேரம் எட்டவே எட்டாது. எட்டலைன்னு கீழ கல்லு மேல கல்லா அடுக்க ஆரம்பிக்கிற இடத்துலதான் விபத்து ஆரம்பிக்குது.

12/
பாட்டில் ஜாக்கி (ஹைட்ராலிக்): ஜீப், பொலேரோ மாதிரி உயரமான வண்டிக்கு என் முதல் தேர்வு இதுதான். ஆக்ஸில் கீழ நேரா நிக்கும், கம்மி பலத்துல தூக்கும். குறைகளும் உண்டு. அடித்தட்டு உள்ளங்கை அளவுதான், அதனால பலகை கட்டாயம். செங்குத்தா நிக்கணும், சாய்ஞ்சா ஆபத்து. உள்ள இருக்கிற ரப்பர் சீல் தேய்ஞ்சா கண்ணுக்குத் தெரியாம மெதுவா இறங்கும். வண்டியில நிமிர்த்தி வச்சு, உருளாமக் கட்டி வைங்க.

எண்ணெய் பீய்ச்சி அடிக்குதான்னு பார்க்க விரலை வைக்காதீங்க. அதிக அழுத்தத்துல வர்ற எண்ணெய் ஊசி மாதிரி தோலுக்குள்ள புகுந்துடும். வெளியில சின்னப் புள்ளிதான் தெரியும். ஆனா அது விரலையே எடுக்க வைக்கிற அளவுக்கு அவசர கேஸ்.

13/
ஹை-லிஃப்ட் ஜாக்கி: ஆஃப்-ரோடு வண்டிகளுக்குப் பின்னால ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கம்மியா நீளமா ஒரு இரும்பு கட்டியிருப்பாங்களே, அது. அமெரிக்காவில 1905-லேயே வந்த பழைய கருவி. அங்கே பண்ணை ஜாக்கின்னே ஒரு பேர் உண்டு, வேலிக்கம்பம் பிடுங்கக்கூட பயன்படுத்துவாங்க. 48 இன்ச் ஜாக்கி சுமார் 13 கிலோ. புதைஞ்ச வண்டியை ரொம்ப உயரமாத் தூக்கும், இழுக்கவும் உதவும்.

ஃபோட்டோவுக்கு அழகா இருக்கும். ஆனா இருக்கிறதுலயே கைதேர்ந்தவங்க மட்டும் தொடவேண்டிய ஜாக்கி இதுதான். உங்க வண்டியில கனமான இரும்பு பம்பரோ, சேஸோட பிடிச்ச பக்கவாட்டு இரும்புக் குழாயோ இல்லைன்னா இதை வாங்கவே வேணாம். பிளாஸ்டிக் பம்பர்ல மாட்ட இடமே கிடையாது.

14/
ஹை-லிஃப்ட் ஏன் பயம்? தூக்கும்போதும் சரி, இறக்கும்போதும் சரி, வண்டியோட எடை அந்தக் கைப்பிடியை மேல தள்ளப் பார்க்கும். ஈரக்கை வழுக்கினா இரும்புக் கம்பி முழு வேகத்துல மேல அடிக்கும். உங்க தாடை அந்தப் பாதையில இருந்தா பல், தாடை எலும்பு எல்லாம் போச்சு.

அதனால: கைப்பிடிக்கு நேர் மேல முகத்தைக் கொண்டுபோகாதீங்க, பக்கவாட்டுல நில்லுங்க. ரெண்டு கையாலயும் பிடிங்க. மேல, கீழன்னு மாத்துற சின்னக் கொக்கியைத் தொடும்போது கைப்பிடி தண்டோட ஒட்டி நிமிர்ந்து இருக்கணும். பாதியில விட்டுட்டுப் போகவேண்டி வந்தாலும் அப்படியே நிமிர்த்தி வைங்க. இறங்கும்போது குறிப்பிட்ட பாரம் மேல இருந்தாத்தான் படிப்படியா இறங்கும். பாரம் குறைஞ்சா சடார்னு விழும். சேறு அடைஞ்சா பின்கள் சிக்கும், அதனால கழுவி எண்ணெய் போட்டு வைங்க.

15/
காத்துப் பை ஜாக்கி: புகைக்குழாயில குழாயை மாட்டி, வண்டியோட புகையாலயே ஊதுற பெரிய பை. மணல்ல நல்லா வேலை செய்யும், ஏன்னா அடிப்பகுதி அகலம். கூர்ப்பான கல்லு, முள்ளு, சூடான சைலன்சர் மூணும் அதுக்கு எதிரி. இன்ஜின் ஓடும்போது யாரும் பின்னால குனிஞ்சு அந்தப் புகையை சுவாசிக்கக் கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

மெக்கானிக் ஷெட்டுல இருக்கிற உருளை வச்ச ட்ராலி ஜாக்கி சிமென்ட் தரைக்கு மட்டும்தான். மண்ணுல சக்கரம் புதையும்.

16/
எத்தனை டன்? ஒரு சக்கரத்தைத் தூக்கும்போது ஜாக்கி மேல முழு வண்டியும் ஏறாது, ஒரு பங்குதான் ஏறும். ஆனாலும் ஆளு, சாமானோட சேர்ந்த வண்டியின் மொத்த எடைக்குக் குறையாத ஜாக்கியா வாங்குங்க. சரிவுல எடை ஒரு பக்கமா சாயும், சேறு டயரை உள்ள இழுத்துப் பிடிக்கும். கணக்கு ரோட்டுல இருக்கிற மாதிரி இருக்காது.

டன்னைவிட முக்கியம் உயரம். இதைப் பலரும் பார்க்கிறது இல்லை. உதாரணமா 215/75 டயர்ல ரப்பர் பக்கச்சுவரோட உயரம் மட்டும் 16 செ.மீ. காத்து இறங்கினா ஆக்ஸில் அதுல பெரும்பகுதி கீழ வந்துடும். அந்த நிலையில ஜாக்கி உள்ள நுழையுமா? அதே ஜாக்கி, காத்து நிறைஞ்ச ஸ்டெப்னி நுழையற அளவுக்கு உயரம் ஏறுமா? ரெண்டுக்கும் "ஆமா" வந்தாத்தான் அது உங்க வண்டிக்கான ஜாக்கி. இதைக் கடையில கேட்காதீங்க. வீட்டு வாசல்ல டேப் வச்சு அளந்து பாருங்க.

17/
எங்க வைக்கணும்? சேஸுல வச்சுத் தூக்கினா ஸ்பிரிங் தொங்கிட்டே இருக்கும். வண்டி மேல போகும், டயர் மண்ணுலயே நிக்கும். ரொம்ப உயரம் தூக்கவேண்டி வரும், உயரம் கூடக்கூட ஆட்டம் கூடும். பின்னால முழு ஆக்ஸில் இருக்கிற வண்டியில, ஆக்ஸிலுக்குக் கீழ, ஸ்பிரிங் பட்டைக்குப் பக்கத்துல வைங்க. கொஞ்சம் தூக்கினாலே டயர் எழும்பிடும். நடுவுல இருக்கிற டிஃப்ரன்ஷியல் உருண்டை மேல வச்சா ரெண்டு பக்கமும் ஆடும், வேணாம். முன்பக்கம் வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டுல படம் போட்டிருப்பான், அந்த இடம்தான்.

18/
ஏன் பலகை? ஒரு சின்னக் கணக்கு. ஜாக்கி மேல 700 கிலோ இறங்குதுன்னு வச்சுக்குவோம். அடித்தட்டு 10 செ.மீ.க்கு 10 செ.மீ., அதாவது 100 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ. மேலயும் 7 கிலோ. ஈர மண்ணு தாங்காது. அதே ஜாக்கியை 40-க்கு 40 பலகை மேல வைங்க. 1,600 சதுர செ.மீ. அரைக் கிலோவுக்கும் கம்மி. ஊசி குத்துறதுக்கும் கட்டைவிரலால அமுக்குறதுக்கும் உள்ள வித்தியாசம்.

பலகை கெட்டி மரமா, ஒண்ணரை இன்ச் தடிமனா இருக்கட்டும். மெல்லிசு வளைஞ்சு ஜாக்கியைச் சாய்க்கும். வழவழப்பான தட்டைக் கல்லு வேணவே வேணாம். நான் கண்ணால பார்த்துட்டேன்.

19/
இப்போ முக்கியமான ஒண்ணு. "கியர்ல போட்டிருக்கேன், வண்டி நகராது"ன்னு நம்பாதீங்க.

பின் சக்கரம் இழுக்கிற வண்டியில ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிட்டீங்கன்னா, கியர் பிடிமானம் போயிடும். டிஃப்ரன்ஷியலோட வேலையே ரெண்டு சக்கரத்தையும் தனித்தனியா சுத்த விடுறதுதான். தூக்கின சக்கரம் காத்துல எதிர்ப்பக்கம் சுத்திக்கும், தரையில இருக்கிற சக்கரம் தாராளமா உருளும். ஹேண்ட் பிரேக்கும் பெரும்பாலான வண்டியில பின் சக்கரத்துக்கு மட்டும்தான், அதுல ஒண்ணு இப்போ அந்தரத்துல. சில பழைய ஜீப்புகள்ல ஹேண்ட் பிரேக் சக்கரத்துல இல்லை, நடுத்தண்டுல பிடிக்கும். அதுல ஒரு பின் சக்கரம் எழும்பினா ஹேண்ட் பிரேக்கே இல்லாத மாதிரிதான்.

அதனால சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கிறது சம்பிரதாயம் இல்லை. வண்டியை உண்மையில பிடிச்சு நிக்கிறதே அதுதான். எந்தப் பக்கம் உருளுமோ அந்தப் பக்கம் பெரிய கட்டை, மறுபக்கமும் ஒண்ணு. ஃபோர் வீல் வசதி இருந்தா அதைப் போட்டு, கியர்லயும் விடுங்க. முன் சக்கரங்களும் பிடிக்கும்.

20/
வரிசையா சொல்றேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

அ) சமதளம் தேடுங்க. பஞ்சர் டயரோட மெதுவா அம்பது மீட்டர் ஓட்டினா டயர் போகும். போகட்டும்.
ஆ) எல்லாரும் இறங்கணும். வண்டியில இருந்து தள்ளி நிக்கணும். குழந்தை தூங்கினாலும் தூக்கிட்டு இறங்குங்க.
இ) ஹேண்ட் பிரேக், கியர், முட்டுக்கட்டை.
ஈ) தூக்குறதுக்கு முன்னாடியே நட்டுகளை அரைத் திருகு தளர்த்துங்க. தூக்கின பிறகு பலம் போட்டுத் திருகினா வண்டி ஆடும்.
உ) ஸ்டெப்னியைச் சேஸுக்கு அடியில படுக்க வைங்க.
ஊ) பலகை, அது மேல ஜாக்கி. கொஞ்சம் ஏத்திட்டு நிறுத்தி, ஜாக்கி நேரா நிக்குதான்னு பாருங்க. சாய்ஞ்சிருந்தா இறக்கி, மறுபடி ஆரம்பிங்க.
எ) தேவையான அளவு மட்டும் தூக்குங்க. டயருக்கும் தரைக்கும் ரெண்டு விரல் போதும்.
ஏ) மாத்தும்போது முதல்ல கழட்டின டயர் உள்ள, அப்புறம்தான் ஸ்டெப்னி வெளிய. ரெண்டும் வெளிய இருக்கிற நேரம் இருக்கக் கூடாது. டயரைக் காலாலயோ கட்டையாலயோ தள்ளுங்க, கையை உள்ள விடாதீங்க.
ஐ) இறக்கின பிறகு நட்டுகளைக் குறுக்குமறுக்கா இறுக்குங்க. கொஞ்ச தூரம் ஓட்டிட்டு மறுபடி இறுக்கிப் பாருங்க.

21/
எல்லாத்துக்கும் மேல: ஜாக்கி தூக்கறதுக்கு மட்டும்தான், தாங்கறதுக்கு இல்லை. ஜாக்கி மட்டும் பிடிச்சிருக்கிற வண்டிக்கு அடியில தலை, நெஞ்சு, கை எதுவும் போகக் கூடாது. அடியில போய்த்தான் ஆகணும்னா ஸ்டாண்ட் போடணும், அதுவும் கெட்டித் தரையில. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்காதீங்க. அது விரிசல் விட்டு எச்சரிக்கை எல்லாம் தராது, ஒரே நொடியில பொடியாகும்.

புதைஞ்ச வண்டிக்கு ஜாக்கியே கடைசி வழிதான். முதல்ல மண்வெட்டி. டயர் முன்னால தோண்டுங்க, காத்தைக் கொஞ்சம் இறக்குங்க, கல்லு, தழை போடுங்க. அந்தப் பையன் கேஸ்ல ஒரு மண்வெட்டி இருந்திருந்தா போதும்னு இன்னமும் நினைக்கிறேன்.

22/
இனி என் துறை. ஒருத்தர் சிக்கிக்கிட்டா?

பதறி இன்னொருத்தர் உள்ள நுழையக் கூடாது. ஒருத்தர் 108 கூப்பிடட்டும், ஒருத்தர் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கட்டும். நெஞ்சு, கழுத்து, தலை மேல பாரம் இருந்தா ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்காதீங்க. மூச்சு நின்னா மூளைக்கு சில நிமிஷம்தான் இருக்கு. ஆட்கள் சேர்ந்து தூக்குங்க, இல்லைன்னா இன்னொரு ஜாக்கி. கொஞ்சம் தூக்கத் தூக்க உடனே கட்டையோ டயரோ உள்ள தள்ளுங்க, மறுபடி இறங்காம இருக்க. வெளிய எடுக்கும்போது தலையும் கழுத்தும் உடம்போட ஒரே நேர்க்கோட்டுல வரட்டும்.

மூச்சு இல்லைன்னா நெஞ்சு நடுவுல ரெண்டு கையும் வச்சு, நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு அமுக்குங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க, ஆள் மாத்தி மாத்திச் செய்யுங்க.

23/
கை கால் மட்டும் சிக்கி, இப்பதான் விழுந்ததுன்னா உடனே தூக்கி எடுங்க. ரத்தம் வந்தா சுத்தமான துணியால அழுத்திப் பிடிங்க. விரல் துண்டாயிருந்தா அதை ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அந்தக் கவரை ஐஸ் தண்ணியில வைங்க. நேரா ஐஸ்ல போட்டா வீணாயிடும்.

காட்டுக்குள்ள, தொடையோ காலோ மணிக்கணக்கா சிக்கியிருந்தா கதை வேற. நசுங்கின தசையில இருந்து பொட்டாசியமும் தசைப்புரதமும் வெளிய வந்து அங்கேயே தேங்கியிருக்கும். பாரத்தை எடுத்ததும் மொத்தமா ரத்தத்துல பாயும். பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும், புரதம் சிறுநீரகத்தை அடைக்கும். ரெண்டாம் உலகப்போர்ல லண்டன்ல குண்டு விழுந்த இடிபாடுகள்ல இருந்து மீட்டவங்களுக்கு இப்படி ஆனதை பைவாட்டர்ஸ், பீல்னு ரெண்டு டாக்டர்கள் 1941-ல எழுதினாங்க. நல்லாப் பேசிட்டிருந்தவர் மீட்டதுக்கு அப்புறம் இறந்துபோறது இதனாலதான். அதனால 108-ல பேசும்போதே எத்தனை மணியில இருந்து சிக்கியிருக்கார்னு சொல்லுங்க. முடிஞ்சா பாரத்தை எடுக்கிறதுக்கு முன்னாடியே சலைன் ஏத்த ஆரம்பிக்கணும்.

24/
எலும்பு முறியலை, வீட்டுக்குப் போயிடலாம்னு நினைக்காதீங்க. நேரம் ஆக ஆக வலி கூடுது, தசை கல்லு மாதிரி இறுகுது, விரலை லேசா நீட்டினாலே உயிர் போகுது, மரத்துப்போகுதுன்னா, உள்ள அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நிக்குதுன்னு அர்த்தம். சில மணி நேரத்துல அறுவை செஞ்சு அழுத்தத்தை விடலைன்னா காலே போகலாம். எண்ணெய் போட்டு உருவுறது, இறுக்கி நாட்டுக்கட்டு போடுறது ரெண்டும் அதை வேகப்படுத்தும். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துல போனா உடனே ஓடி வாங்க. டிடி ஊசியையும் மறக்காதீங்க.

25/
என் வண்டியில இப்போ இருக்கிறது: பாட்டில் ஜாக்கி, பலகை, ரெண்டு மரமுட்டு, மண்வெட்டி, நெத்தியில மாட்டுற டார்ச், கையுறை, காத்தடிக்கிற சின்ன மெஷின். ஹை-லிஃப்ட் கிடையாது. ஆசையா இருக்கு, ஆனா எனக்கு இன்னும் அந்தப் பழக்கம் வரல.

இந்த ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, வீட்டு வாசல்ல, பகல் வெளிச்சத்துல உங்க ஜாக்கியை வெளிய எடுத்துப் போட்டுப் பாருங்க. பத்து நிமிஷம் தூக்கி நிறுத்தி வச்சு, தானா இறங்குதான்னு பாருங்க. வீட்டுல பொம்பளைப் பிள்ளைங்க இருந்தா அவங்களையும் போட வைங்க. முதல் தடவையா ஜாக்கியைத் தொடுற இடம் மழையில நனைஞ்ச மலைப்பாதையா இருக்கக் கூடாது. மெக்கானிக் நண்பர்கள் நான் தப்பாச் சொன்னது ஏதாவது இருந்தா கமென்ட்ல திருத்துங்க, சேர்த்துடுறேன்.

26/
அன்னைக்கு முகாம் ஃபோட்டோவை 11:40-க்குப் போட்டேன். யாரும் ஒண்ணும் கேட்கல. ஒருத்தர் கட்டைவிரல் மட்டும் போட்டார்.

அந்த ஃபோட்டோ இன்னமும் என் ஃபோன்ல இருக்கு. நடுவுல நான், பக்கத்துல சிஸ்டர், மருந்துப் பெட்டி, வரிசையில ஊர் ஜனங்க. ஓரத்துல, வேப்பமரத்துக்குக் கீழ, சட்டை முழுக்க செம்மண்ணோட அண்ணன் நிக்கிறார். வலது முழங்கையில நான் போட்ட கட்டு. அந்தக் கையாலதான் ஒரு பாட்டிக்கு மருந்துச்சீட்டைப் படிச்சுக் காட்டிட்டிருக்கார்.